கிட்வாய் நகரில் இடுப்புக்கருவி பூண்ட படலம்

வாழி நல்லசிவம்! கோப்பின்மேல் கோப்படுக்கிக் குன்றம் கண்டோன், ‘மேலிடத்தின் பார்வைக்கு வைக்கப்படுகிறது’ என்னும் ஒற்றை வரியால் எத்தனையோ சிக்கல்களை அடுத்த மேசைக்கு நகர்த்திய வித்தகன், மத்திய அரசின் அமைச்சகம் ஒன்றில் பிரிவு அலுவலர் என்னும் பெரும்பதவியைக் காத்து நின்ற, இல்லை இல்லை, காத்து அமர்ந்த காவலன், லிஃப்ட் பழுதுபட்ட நாட்களில் படியேறும் பாவத்துக்கு ஆளாகாமல் கீழேயே செய்தித்தாள் விரித்துக் காத்திருந்த பொறுமைக்கடல், தொலைக்காட்சியின் ரிமோட் கைக்கெட்டாத் தூரத்தில் கிடந்தால் ஓடுகின்ற நிகழ்ச்சியையே உளமாரப் பார்த்துத் தீர்த்த உத்தமன், கிட்வாய் நகர் அரசுக் குடியிருப்பின் இரண்டாம் தளத்து நாயகன், அவன் வாழி! அவனுடைய சோபா வாழி! அந்தச் சோபாவில் அவன் வடிவாகவே விழுந்த பள்ளமும் வாழி! இந்த மனிதன்தான் நவராத்திரி முழுக்க நடந்தான் என்றால் நம்புவீர்களா? நம்ப மாட்டீர்கள். அவன் மனைவியே முதலில் நம்பவில்லை.

நின்னையும் பாடுவேன், தீப்பெட்டி அளவே ஆன திருக்கருவியே! முகமில்லை உனக்கு, முள்ளில்லை, மின்னும் எண்ணில்லை. கறுத்த உடலும் கச்சையாக ஒரு வாரும்தான் உன் கோலம். ஆயினும் உன்னை இடுப்பில் கட்டியவன் எழுந்தானா, இருந்தானா, சாய்ந்தானா, ஓடினானா, ஓடுவதுபோல் நடித்தானா என்பதெல்லாம் உன் வயிற்றுக்குள் பதிவாகும். கட்டிய பெண்டாட்டியிடம் மறைத்ததை உன்னிடம் மறைக்க முடியாது. சிரிப்பவர்கள் இப்போதே சிரித்து முடித்துக்கொள்ளுங்கள். போர் தொடங்கியபின் சிரித்தால் எனக்குக் கோபம் வரும்.

மண்ணுக்காக மூண்ட போர்கள் உண்டு, பொன்னுக்காக மூண்ட போர்கள் உண்டு; இது இட்லி மாவுக்காக மூண்ட போர். சுந்தரவல்லி என்னும் நெல்லைச் சீமைப் பெருமாட்டி, நல்லசிவத்தின் இல்லத்தரசி, திருநெல்வேலியிலிருந்து ரயிலேற்றிக் கொண்டுவந்த கிரைண்டர், தில்லிக் குளிர் பல கண்டும் கலங்காது சுழன்ற அந்தக் கல், ஒரு சனிக்கிழமை முனகியது. முனகல் கேட்டதும் நல்லசிவம் ஸ்க்ரூ டிரைவர் ஏந்தினான். ஐயோ, அதை அவன் கையில் கொடுத்தது யார்! கழற்றினான், துடைத்தான், ஊதினான், மாட்டினான். ஒரு திருகாணி மிஞ்சியது. ‘மிஞ்சினால் மிஞ்சட்டும், கம்பெனிக்காரன் கூடுதலாகப் போட்டிருப்பான்’ என்று துணிந்து அவன் பொத்தானை அழுத்த, புகை எழுந்தது, வீடெல்லாம் ரப்பர் கருகிய நாற்றம் பரந்தது, கிரைண்டர் அடங்கியது. அன்று முதல் சனிக்கிழமைதோறும் ஊறிய அரிசியும் உளுந்தும் நிறைந்த பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு சுந்தரவல்லி நான்காம் தளத்துப் பூங்கோதையின் வீட்டுக்கு மாவரைக்கப் போனாள்.

பூங்கோதை யார்? வேலூர்ப் பக்கத்துப் பெண், ராஜவேலின் மனைவி. ராஜவேல் யார்? பகைவனையும் பாடினால்தான் பாட்டுக்கு அழகு, ஆகவே பாடுகிறேன். பனிமலையில் காவல் நின்றோன், படையிலிருந்து ஓய்வு பெற்று அரசு அலுவலகம் ஒன்றில் பாதுகாப்பு அதிகாரியாகச் சேர்ந்தபின்னும் மிடுக்குக் குறையாதோன், பால் பூத்துக்குப் போகும்போதும் குடியரசு தின அணிவகுப்பில் போவதுபோல் கைவீசுவோன், முறுக்கிய மீசையன், இஸ்திரி கலையாத காற்சட்டையன். அவன் எதிரே வந்தால் காலனிப் புறாக்கள் ஒதுங்கி வழிவிடும். நல்லசிவம் எதிரே வந்தால் அவை அசையவே அசையா.

விதியின் விளையாட்டைப் பாருங்கள். ஒரு சனிக்கிழமை சுந்தரவல்லி மறந்துவிட்டுப் போன பாத்திர மூடியைக் கொடுப்பதற்காக நல்லசிவம் நான்காம் தளம் சென்றான். அன்று லிஃப்ட் ஓடியது, இல்லாவிட்டால் சென்றிருக்க மாட்டான். கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. உள்ளே கல் சுழலும் ஓசைக்கு நடுவே பூங்கோதையின் குரல் எழுந்தது.

“இன்னாக்கா, எங்கூட்டு கிரைண்டரு எங்களுக்கு உழைக்கிறத விட உங்களுக்குத்தான் ஜாஸ்தி உழைக்குது!”

தொடர்ந்து கல்லோசையில் கரைந்துபோன ஏதோ ஒரு பதில், அதன்பின் ஒரு சிரிப்பு. அதில் சுந்தரவல்லியின் சிரிப்பும் கலந்திருந்தது என்பதை அந்தப் பாவி மகன் கவனிக்கவில்லை. அவன் செவியில் விழுந்தது வேல், வேலின் முனையில் நஞ்சு, நஞ்சுக்குமேல் வேலூர் வெயில். மூடியை மிதியடிமேல் வைத்துவிட்டு, லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் படியில் இறங்கினான். இதிலிருந்தே அவன் எவ்வளவு புண்பட்டிருந்தான் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

மனைவி திரும்பி வந்ததும் சோபாவின் முன்னே எழுந்து நின்று, இடக்கை இடுப்பிலும் வலக்கை வானிலுமாக அவன் முழங்கினான்: “கேள், வல்லி! என் மனையாள் இன்னொருவன் வீட்டுக் கல்லில் மாவரைத்து ஏச்சுக் கேட்கும் இழிவை ஒழிக்காமல் ஓய மாட்டேன்! அரிசிப் பாத்திரம் இந்த இரண்டாம் தளத்தைத் தாண்டி மேலே ஏறாத நாள் வரும் வரை, இட்லி தொடேன், தோசை தொடேன், ஊத்தப்பத்தின் திசையைக்கூட நோக்கேன்!”

சுந்தரவல்லி கைப் பாத்திரத்தை இறக்கி வைத்தாள். “அப்ப ராத்திரிக்கு உப்புமா கிண்டட்டா?” என்றாள்.

கடைக்குப் போய் ஒரு கிரைண்டர் வாங்கினால் தீர்ந்தது என்று நீங்கள் நினைப்பீர்கள். நல்லசிவமும் அப்படித்தான் நினைத்தான், பையை எடுத்துக்கொண்டு புறப்பட்டும்விட்டான். ஆனால் கீழே அறிவிப்புப் பலகையின் முன் கூட்டம். நடுவே நின்று வாசித்துக்கொண்டிருந்தார் தமிழ்ச் சங்கச் செயலாளர் வெங்கடராமன். சட்டத்துறையில் உழன்று ஓய்வு பெற்றவர், விதி என்று ஒன்று எழுதப்பட்டுவிட்டால் அதை எழுதியவரே வந்து கெஞ்சினாலும் மாற்ற விடாதவர்.

“கிட்வாய் நகர்த் தமிழன்பர்கள் அனைவருக்கும் அறிவிப்பு! நவராத்திரி முதல் நாள் தொடங்கி விஜயதசமிக் காலை வரை, இதோ இந்தக் கருவியை உடலில் பூண்டு, நம் குடியிருப்பின் எல்லைக்குள் மிகுதியாக நடமாடுபவர் எவரோ, அவருக்குச் சங்கத்தின் சார்பில் கோயம்புத்தூர் கிரைண்டர் பரிசு! எவரோ என்றால் எவரும். விதிவிலக்கு கிடையாது!”

நல்லசிவத்தின் கையிலிருந்து பை நழுவியது. கூட்டத்தின் மறுபுறம் ராஜவேல் மீசையைத் தடவிக்கொண்டே, “கிரைண்டர் நம்ம வூட்ல ஒண்ணு இருக்குது. பரவால்ல, இன்னொண்ணு இருக்கட்டும்” என்றான். அவன் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் நல்லசிவத்துக்குத் தன்னைப் பார்த்துச் சொன்னதாகவே பட்டது. அந்தக் கணமே கடைக்குப் போகும் எண்ணம் செத்தது. வாங்கிய கிரைண்டர் வெறும் கிரைண்டர், வென்ற கிரைண்டரே கிரைண்டர் என்று அவன் நெஞ்சம் உறுமியது.

கருவிகளைக் கொண்டுவந்தவள் ஸ்நேஹா. தில்லி மோதி பாக்கில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், கல்லூரி ஒன்றில் ஆராய்ச்சி செய்பவள், தமிழைப் பேசுவாள் ஆனால் கடைசி வரை தமிழாகவே கொண்டுபோய்ச் சேர்க்க மாட்டாள். ஒரே இடத்தில் வாழும் மனிதரும் தெருநாய்களும் எப்படி எப்படி நடமாடுகிறார்கள் என்பது அவள் ஆராய்ச்சி. மனிதருக்கு இடுப்பில் வார், நாய்க்குக் கழுத்தில் பட்டை. கருவி இரண்டுக்கும் ஒன்றுதான். நாய்களின் சார்பில் தேர்ந்தெடுக்கப்பட்டவன் ஷேரு. மண்நிறத்தான், ஒற்றைச் செவி மடிந்தான், பகலெல்லாம் பார்க்கிங் நிழலில் துயில்வான், வாலாட்டுவதற்குக்கூட இருமுறை யோசிப்பான். அவன் கழுத்தைத் தொட ஸ்நேஹா முயன்றபோது பல்லைக் காட்டினான். தினமும் மிஞ்சிய தோசை வைக்கும் சுந்தரவல்லி வந்து, “ஏலே, சும்மா கிட” என்றதும் கிடந்தான். பட்டையை அவளே கட்டினாள். அதை அன்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நல்லசிவம் கருவியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “இதுக்குள்ள என்னம்மா இருக்கு?”

“அங்கிள், பஸ் சடன் பிரேக் போட்டா நாம முன்னாடி சாயறோம்ல? அதே மாதிரி உள்ள ஒரு குட்டி பீஸ் இருக்கு, ஏக்தம் சின்னது. நீங்க அசைஞ்சா அது சாயும். திரும்பினா அதுவும் தெரியும். ஸப் குச் ரெக்கார்ட் ஆகும்.”

“நடக்காம, சும்மா அசைஞ்சா?”

“அதுவும் தெரியும் அங்கிள். நடக்கிறது ஒரு மாதிரி வரும், ஆட்டுறது வேற மாதிரி வரும். சீட்டிங் சான்ஸே இல்ல.”

நல்லசிவம் தலையாட்டினான். நம்பவில்லை.

மூண்டது போர்! கொலுப்படிகளில் பொம்மைகள் ஏறி அமர்ந்த அன்றைக்கே, சோபாவின் பள்ளத்திலிருந்து தன்னைப் பெயர்த்தெடுத்துக்கொண்டு எழுந்தான் நல்லசிவம். எத்தனையோ ஆண்டு தொடாமல் சேர்த்து வைத்த ஈட்டிய விடுப்பை ஒரே கையெழுத்தில் தியாகம் செய்தான். வயிற்றின் மேலா கீழா என்ற பெருங்குழப்பத்துக்குப் பின் வயிற்றின் கீழே வாரை இறுக்கி, சென்ற ஆண்டு வாங்கி இன்னும் அட்டைப் பெட்டியை விட்டு வெளிவராத வெள்ளைக் காலணியைப் பூண்டு, மூக்கை மறைத்து முகக்கவசம் தரித்து, புகையும் பனியும் பிசைந்த தில்லிக் காலையின் நடுவே அவன் இறங்கிய காட்சியை என்னென்பேன்! வாயிற்காவலர் எழுந்து நின்றார். காய்கறி வண்டிக்காரர், “பாபுஜி, தபியத் டீக் ஹை?” என்று உடல்நலம் விசாரித்தார். பூங்காவை ஒரு சுற்று, பால் பூத்தை ஒரு சுற்று, தண்ணீர்த் தொட்டியை ஒரு சுற்று. பின்பு மூச்சு வாங்க ஒரு பெஞ்சு. அதே வேளையில் எதிர்த்திசையிலிருந்து இடம் வலம் இடம் வலம் என்று மண் அதிர வந்தான் ராஜவேல். இருவரும் எதிர்ப்பட்டார்கள். வணக்கம் சொல்லிக்கொண்டார்கள். அந்த வணக்கத்தில் இருந்த வெறுப்பைக் கரைத்தால் பக்கத்துக் காலனிக்கும் காணும்.

அன்று முதல் காலனியில் நடை என்பது நடையாக இல்லை. நல்லசிவம் பல் துலக்கிக்கொண்டே நடந்தான், தொலைபேசியில் பேசிக்கொண்டே நடந்தான், சாப்பிட்ட கையைக் கழுவாமலே நடந்தான். கொலுவுக்கு அழைக்க வந்த பெண்கள் அவனுக்குக் குங்குமம் கொடுக்கப் பின்னாலேயே ஓட வேண்டியிருந்தது. ராஜவேலோ பின்னோக்கி நடக்கத் தொடங்கினான். அதற்குக் கூடுதல் மதிப்பு உண்டு என்று எவனோ சொல்லியிருக்கிறான். பின்னோக்கி நடந்தே பிள்ளையார் கோவில் மணியில் இடித்துக்கொண்டான், அன்று காலை பூசையே கொஞ்சம் முன்னதாக நடந்துவிட்டது.

வீரம் நீண்டால் சூது வரும். ஐந்தாம் நாள் ஸ்நேஹா மடிக்கணினியோடு பூங்காவில் அமர்ந்து கருவிகளின் வயிற்றைத் திறந்து பார்த்தாள். இருபக்கத்துச் சேனையும், அதாவது இரண்டு கணவர்களும் இரண்டு மனைவியரும், சுண்டல் தின்றபடி சூழ்ந்து நின்றார்கள்.

“நல்லசிவம் அங்கிள், இது நீங்க நடந்தது. ஓகே. இது நடந்தது இல்ல.” திரையில் மலைத்தொடர்போல் ஓடிய கோட்டின் நடுவே ஒரே சீரான சிறு நடுக்கம். “உக்காந்துக்கிட்டு கால் ஆட்டியிருக்கீங்க. கருவியத் தொடைல கட்டி. தீன் கண்ட்டா!”

மூன்று மணி நேரம் காலாட்டியது உண்மைதான். அரசுப் பணியில் அவன் கற்றுத் தேர்ந்த ஒரே உடற்பயிற்சி அது. நல்லசிவம் வானத்தைப் பார்த்தான். ராஜவேல் தொடை தட்டிச் சிரித்தான்.

“ராஜவேல் அங்கிள், சிரிக்காதீங்க. இது உங்களது. சுத்திச் சுத்தி வந்திருக்கு, இவ்ளோ வேகமா எந்த மனுஷனும் சுத்த முடியாது. இது வாஷிங் மெஷின் அங்கிள். ஸ்பின்.”

பூங்கோதை கணவனைத் திரும்பிப் பார்த்தாள். “அதான் அன்னிக்குத் துணிக்கு நடுவுல டக்கு டக்குன்னு சத்தம் வந்துச்சா? இன்னா ஆளுய்யா நீ!”

சூதெல்லாம் கழித்தபின் கணக்கு இதுதான்: ராஜவேல் முன்னே, நல்லசிவம் கொஞ்சம் பின்னே, மற்றவர்கள் கண்ணுக்கெட்டாத தூரத்தில். ஷேருவின் கணக்கை ஸ்நேஹா தனியே எடுத்து வைத்துக்கொண்டாள். நாயின் கணக்கை யார் கேட்பார்கள்?

அதன்பின் நல்லசிவம் நேர்மையின் பாதைக்குத் திரும்பினான், வேறு பாதை இல்லாத காரணத்தால். குதிகாலில் கொப்புளம் வந்தது, வந்ததை வரவேற்றான். முழங்கால் கூவியது, கூவட்டும் என்றான். சுந்தரவல்லி தைலம் தேய்த்துவிட்டுக்கொண்டே, “எதுக்கு இந்தப் பாடு? யாரு கேட்டா கிரைண்டர்?” என்று கேட்டாள். “நீ கேட்கவில்லை, வல்லி. உன் மானம் கேட்டது!” என்றான். அவள் தைல பாட்டிலை மூடிவிட்டு உப்புமா தாளிக்கப் போனாள். எட்டாம் நாள் மாலை அவன் பகைவனை ஏறக்குறைய எட்டிப் பிடித்துவிட்டான் என்று ஸ்நேஹாவின் வாயிலிருந்தே கசிந்தது. மிச்சம் ஒரே பகல். அதில் யார் கூட நடக்கிறானோ, கிரைண்டர் அவனுக்கு. இரவு படுக்கையிலும் நல்லசிவத்தின் கால்கள் போர்வைக்குள் நடந்தன.

விடிந்தது ஒன்பதாம் நாள். எழுந்தான், காலணி பூண்டான், இடுப்புக்குக் கை கொண்டுபோனான், வெறும் இடுப்பு! தலைமாட்டில் இல்லை, மேசைமேல் இல்லை, சோபாவின் பள்ளத்தில் துழாவினான், அங்கே பழைய ரிமோட் ஒன்றுதான் கிடைத்தது. அலறிக்கொண்டு கூடத்துக்கு ஓடிவந்தவன் கண்ட காட்சி அவன் பகைவருக்கும் வர வேண்டாம். கொலுவுக்கு முன்னே மணைப்பலகை. மணைமேல் புத்தகங்கள், அவன் பேனா, ஸ்கூட்டர் சாவி, தையல் மிஷினின் ஊசிப் பெட்டி, கிரைண்டரைக் கொன்ற அதே ஸ்க்ரூ டிரைவர், பக்கத்தில் கொல்லப்பட்ட கிரைண்டர், இவை எல்லாவற்றுக்கும் நடுநாயகமாகச் சந்தனம் பூசி, குங்குமம் இட்டு, ஒற்றைச் செவ்வந்தி சூட்டப்பெற்று அமர்ந்திருந்தது அவனுடைய திருக்கருவி!

“தொடாதீங்க!” அடுப்படியிலிருந்து வந்தது குரல். “இன்னைக்கு ஆயுத பூஜைல்லா? நாளைக்குக் காலையில பூஜை முடிச்சுத்தான் எடுக்கணும்.”

“வல்லி! அது ஆயுதமே இல்ல! அந்தப் பொண்ணோட ஆராய்ச்சிச் சாமான்!”

“எட்டு நாளா அத இடுப்புல கட்டிட்டுத்தான சண்டைக்குப் போனீக? சண்டைக்குக் கொண்டுபோற சாமானுக்கு வேற என்ன பேரு?”

உலகத்துத் தர்க்க நூல்களெல்லாம் தேடினும் இந்தக் கேள்விக்கு விடை கிடையாது. நல்லசிவம் மண்டியிட்டான். “இன்னைக்கு ஒரு நாள்தான் மிச்சம்! தோத்துப் போயிருவேன்! எல்லாம் உனக்காகத்தான வல்லி!”

“எனக்காகன்னா, ஒரு நாளாவது உக்காந்து சாப்பிடுங்க. வடை போட்டிருக்கேன்.”

கலைமகளை மீறலாம், கருவியைத் திருடலாம், சந்தனத்தைத் துடைத்துவிட்டு ஓடலாம் என்றெல்லாம் அவன் மனம் ஒரு கணம் அலைந்தது. ஆனால் பூசை நாளில் ஆயுதத்தை எடுத்தால் அடுத்த ஆண்டு முழுக்க விளங்காது என்பது அவன் எலும்பில் ஊறிய அச்சம். அழுகை முட்டியது. வடையைத் தின்றுகொண்டே அழுதான் என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. தின்று முடித்து ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தவன் திடுக்கிட்டான். கீழே இடம் வலம் இடம் வலம் என்று ராஜவேல் நடந்துகொண்டிருந்தான்! சட்டைக்குள்ளே இடுப்பில் சதுரமாய் ஒரு புடைப்பு!

‘நான் ஆயுதமிழந்ததை இவன் அறிந்தால் காலனி முழுக்கச் சிரிக்கும்’ என்று நடுங்கினான் நல்லசிவம். நடுங்கியவனுக்கு யோசனை பிறந்தது. அடுப்படி அலமாரியிலிருந்து சின்ன எவர்சில்வர் சம்புடம் ஒன்றை எடுத்தான். உள்ளே நேற்றைய கொண்டைக்கடலைச் சுண்டல் கொஞ்சம் இருந்ததைக் கவனிக்க அவனுக்கு நேரமில்லை. அதை வாரால் இடுப்பில் கட்டி, மேலே சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, முன்னெப்போதும் இல்லாத கம்பீரத்தோடு களம் புகுந்தான்.

அன்று நடந்த நடையே நடை! எண்ணப்படாத நடை, எந்தக் கருவியும் அறியாத நடை, பகைவன் ஒருவனுக்குக் காட்டுவதற்காக மட்டுமே நடந்த நடை. ராஜவேல் விரைந்தால் நல்லசிவம் விரைந்தான், நல்லசிவம் நின்றால் ராஜவேல் இன்னும் ஒரு சுற்றுப் போனான். எங்கோ பட்டாசு வெடித்தது. பார்க்கிங் நிழலில் துயின்ற ஷேரு விழித்தான். மூக்கைத் தூக்கினான். வடகாற்றில் சுண்டல் மணந்தது, தென்காற்றில் வேறொன்று மணந்தது. எழுந்தான்! நல்லசிவத்தின் பின்னே பூங்காவைச் சுற்றினான், பாதியில் திரும்பி ராஜவேலின் பின்னே தண்ணீர்த் தொட்டியைச் சுற்றினான், மீண்டும் நல்லசிவத்திடம் ஓடினான், மீண்டும் ராஜவேலிடம் பறந்தான். “ஹட்! ஹட்!” என்று இருவரும் விரட்ட விரட்ட, விரட்டுவதை விளையாட்டென்று எண்ணி அந்தப் பிராணி மேலும் குதித்தது. பொழுது சாயும் வரை இப்படியே போயிற்று. மூன்று பேரும் நாக்குத் தள்ளினார்கள்.

விஜயதசமி மாலை. பூங்காவில் பந்தல், பந்தலில் மேசை, மேசைமேல் அட்டைப் பெட்டியோடு அரியணை ஏறியிருந்தது கோயம்புத்தூர் கிரைண்டர். வெங்கடராமன் மைக்கைத் தட்டிப் பார்த்தார். ஸ்நேஹா மடிக்கணினியைப் பார்த்துப் புருவம் சுருக்கினாள்.

“ஒண்ணு புரியல அங்கிள். நேத்து ஒரு நாள் மட்டும் மனுஷங்க கருவி எல்லாமே சைலண்ட். யாருமே ஹிலவே இல்ல, அசையவே இல்ல. காலனி முழுக்க ஒரே நாள்ல பேஹோஷ் ஆகி மயங்கிட்டீங்களா?”

கூட்டத்தில் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பூங்கோதைதான் முதலில் வாய் திறந்தாள். “நேத்து ஆயுத பூஜையாச்சேம்மா! நானும் படத்துக்குக் கீழ வச்சுட்டேன். இவரு அழுதாரு, நான் தரல.”

நல்லசிவம் மெல்லத் திரும்பி ராஜவேலைப் பார்த்தான். ராஜவேல் ஏற்கெனவே நல்லசிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்போது, நேற்று அவிழ்த்து வைக்க மறந்து இன்றும் கட்டிக்கொண்டு வந்திருந்த இரண்டு இடுப்புகளையும் நோக்கி ஷேரு பாய்ந்தான். ஒரு தாவலில் சம்புடம் கழன்று உருண்டு ஊசிப்போன சுண்டலைச் சிந்தியது. மறு தாவலில் ராஜவேலின் சட்டைக்குள்ளிருந்து நொறுங்கிய குளுக்கோஸ் பிஸ்கட் பாக்கெட் ஒன்று விழுந்தது. பந்தல் முழுக்கச் சிரித்தது. இருவருக்கும் மண்ணைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இருக்கவில்லை. சோபாவில் கிடந்த மனிதன் தெருவுக்கு வந்து இப்படி அவமானப்பட வேண்டுமா என்று எனக்கே நெஞ்சு வலித்தது.

ஸ்நேஹா தொடர்ந்தாள். “ஸோ, மனுஷங்கள்ல ராஜவேல் அங்கிள் கொஞ்சம் மேல. ஆனா டோட்டல்ல...” தயங்கினாள். “ஷேருதான் மேல. ராத்திரி பூரா சுத்துறதால எட்டு நாளும் ரொம்ப பின்னாடி இல்ல, நேத்து ஒரு நாள்ல எல்லாரையும் தாண்டிட்டான்.”

“நாய்க்கு நாலு காலு!” என்று கர்ஜித்தான் ராஜவேல். “ரெண்டால வகுக்கணும்!”

“கால எண்ணல அங்கிள். உடம்பு குலுங்குறதத்தான் எண்ணுது. உடம்பு ஒண்ணுதானே?”

வெங்கடராமன் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு தம் அறிவிப்பைத் தாமே ஒருமுறை படித்தார். பின்பு மைக்கில் முழங்கினார்: “கருவியை உடலில் பூண்டு நடமாடுபவர் எவரோ, அவருக்கு! எவரோ என்றால் எவரும்! விதிவிலக்கு கிடையாது! எனவே பரிசு ஷேருவுக்கு! அவன் சார்பில் பெற்றுக்கொள்ளும் உரிமை, அவன் கழுத்தில் பட்டை கட்டியவருக்கு!”

கரவொலி எழுந்தது. சுந்தரவல்லி முந்தானையில் கை துடைத்துக்கொண்டு எழுந்து போய், கிரைண்டரின் பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஷேரு கீழே சுண்டல் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

நாயிடம் தோற்றான் நல்லசிவம்! ஆயினும் என்ன? முதலில் வெட்கம் வந்தது, வெட்கத்தின் பின்னே மெல்ல மகிழ்ச்சி வந்தது. வென்றது யாராயினும் கிரைண்டர் வந்தது தன் வீட்டுக்கல்லவா? இனி அரிசிப் பாத்திரம் இரண்டாம் தளத்தைத் தாண்டாது, இனி எந்த வாசலிலும் அந்த வேல்சொல் கேட்காது, இனி தோசை உண்டு, ஊத்தப்பம் உண்டு! பெட்டியின் ஒரு பக்கத்தை அவன் தூக்க, மறுபக்கத்தை ராஜவேல் தானாகவே வந்து தூக்கினான். இரண்டு பெருவீரர்களும் முழங்கால் கடுக்க, முதுகு பிடிக்க, பின்னே ஷேருவும் முன்னே மனைவியரும் நடக்க, அந்தக் கல்தேரைக் கொணர்ந்து கூடத்தில் இறக்கியபோது, கிட்வாய் நகரின் மேல் வாணங்கள் வெடித்துப் பூச்சொரிந்தன.

அடுத்த சனிக்கிழமை வந்தது. அதிகாலையிலேயே குளித்து, வெண்ணிற வேட்டி உடுத்து, சோபாவின் பள்ளத்தில் பொருந்தி, வெற்றிக் கல்லின் முதல் சுழற்சியைக் காணக் காத்திருந்தான் நல்லசிவம். சுந்தரவல்லி ஊறிய அரிசியை வடித்தாள், உளுந்தை வடித்தாள், பாத்திரத்தை மூடினாள், செருப்பை மாட்டினாள்.

“எங்க கிளம்புத?” என்றான்.

“பூங்கோதை வீட்டுக்கு. இத இங்க போட்டா நான் மட்டுந்தான உக்காந்து பாத்துட்டு இருக்கணும்? அங்கன்னா அரையுற வரைக்கும் ரெண்டு பேரும் பேசிட்டு இருப்போம். வாரத்துல அந்த ஒரு மணி நேரந்தான் எனக்கு நல்லாப் போகுது.”

“அவ அன்னைக்கு உன்ன ஏசினாளே! அவங்க கிரைண்டர் நமக்கு உழைக்குதுன்னு!”

“அவ எப்பவும் அப்படித்தான் பேசுவா. நான் சொன்னத நீங்க கேக்கலயே. ‘ஒன் வீட்டுக்காரருக்கு உழைக்கதுக்குப் பதிலா எனக்கு உழைக்கட்டும்’னேன். அதுக்குத்தான் ரெண்டு பேரும் சிரிச்சோம்.” பெட்டி பிரிக்கப்படாத கிரைண்டரின் மேல் மடித்த துணிகளை அடுக்கி வைத்துவிட்டு அவள் கதவைத் திறந்தாள்.

லிஃப்ட் ரிப்பேர், அதனால் அரிசிப் பாத்திரத்தை நல்லசிவம்தான் தூக்கிக்கொண்டு மாடி ஏறினார்.